இல்லாத கிணற்றைச் சுற்றி வளைந்த தெரு

1

போன திங்கட்கிழமை எங்கள் ஆபீஸ் துரை என்னைக் கூப்பிட்டு, ஊருக்குக் கிழக்கே புதுத் தெருவுக்காக அடித்து வைத்த முளைக்குச்சிகளில் யாரோ மாடு கட்டியிருக்கிறார்கள், போய் விசாரித்து வா என்றார். போய்ப் பார்த்தேன். யாரோ இல்லை, எல்லாருமே கட்டியிருந்தார்கள். சர்வேயர் வெயிலில் நின்று, கண்ணாடி வைத்துப் பார்த்து, நூல் பிடித்து அடித்த குச்சிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பசு அசைபோட்டுக்கொண்டு நின்றது. தெரு எங்கே வரப்போகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெளிவாகத் தெரிந்தது.

"கோச்சுக்காதீங்க கிராணியாரே, குச்சி சும்மாத்தானே நின்னுச்சு" என்றார் பால்காரர் முனியன். இந்த நாட்டில் குமாஸ்தாவுக்குக் கிராணி என்று பெயர்.

"இது நீங்கள் எல்லாரும் குடிபோக வேண்டிய தெரு. நோட்டீஸ் பார்க்கவில்லையா?"

"பார்த்தோமுங்க. நல்லா ஒட்டியிருந்தாங்க."

அந்த நோட்டீஸ் நாலு பாஷையில் இருந்தது. தமிழ்ப் பகுதியை எழுதியவன் நான். 'இதனால் சகலமானவர்களுக்கும் அறியச் செய்வதாவது' என்று தொடங்கி, நடுவில் எங்கேயும் மூச்சுவிடாமல் ஓடி, 'தவறுவோர் தண்டனைக்குள்ளாவார்கள்' என்று முடியும். இங்கிலீஷில் உள்ளதற்கு ஒரு சொல் கூடாமல் குறையாமல் எழுத வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். எழுதிய எனக்கே இரண்டாம் தரம் வாசித்தால்தான் விளங்குகிறது. முனியனைக் குறை சொல்லி என்ன செய்ய?

பாளையங்கோட்டையிலிருந்து வரும் நம் மாதப் பத்திரிகைக்கு மலாய் நாட்டைப் பற்றி எதையாவது எழுது என்று அங்குள்ள நண்பர்கள் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். புலி வருமா, பாம்பு வருமா என்று கேட்கிறார்கள். புலியை நான் பார்த்ததில்லை. இந்தப் பேராக் சீமையில், ஈயச் சுரங்கத்தை நம்பி முளைத்த ஒரு சின்ன ஊரில், ஊர்ச் சுகாதாரத்தைக் கவனிக்கும் போர்டு ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கிறேன். மாடு கட்டிய முளைக்குச்சியைப் பற்றித்தான் எனக்கு எழுத வரும். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்குமுன் மருதடி ஞாபகம் வந்துவிட்டது.

2

மருதடி எங்கே இருக்கிறது என்று முக்கூடல் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். முக்கூடலிலிருந்து ஆற்றோடு கிழக்கே இறங்கினால், தாமிரபரணி ஒரு பக்கமும் வயல் மற்றப் பக்கங்களுமாக நெருக்கிப் பிடித்த ஒரு சிற்றூர். நீளமாக ஒரு பெரிய தெரு. அதன் கடைக்கோடியில், ஆற்றை ஒட்டின பள்ளத்தில், தோணிக்காரர்கள் தெரு. பெரிய தெருவின் நடுவில் ஒரு கிணறு உண்டு. கிணற்றுக்கு வழிவிட்டுத் தெரு அந்த இடத்தில் வளைந்து போகும். அந்த வளைவில் அச்சு முட்டித் திட்டாத வண்டிக்காரன் கிடையாது.

அந்த ஊரை நினைத்து நான் உருகுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். சாக்கடை தேங்கி நாறும். இங்கே நான் குடியிருக்கிற ஊரில் சாக்கடை ஓடுகிறது, தெரு நேராக இருக்கிறது, இரவில் விளக்கு எரிகிறது. எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது. சோறும் மரியாதையும் கிடைக்கிற இடத்தைப் பழித்துப் பேச எனக்குத் தெரியாது.

ஆனால் மருதடியில் என் அக்கா இருக்கிறாள். பெயர் அன்னம்மாள். புருஷன் போய், பிள்ளைகளும் இல்லாதவள். என்னைத் தூக்கி வளர்த்தவள். கண் பார்வை வருஷத்துக்கு வருஷம் குறைந்து, இப்போது வெயிலும் நிழலும் மட்டும் தெரியும். அப்படியிருந்தும் தண்ணீருக்கும் கோயிலுக்கும் கடைக்கும் தனியாகப் போய் வருவாள். சுவரைத் தொட்டு, ஆட்களின் சத்தத்தைக் கேட்டு, கிணற்று வளைவில் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு திரும்பி, சரியாக நம் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். பக்கத்து வீட்டுச் செல்லத்தாயிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவர் வழியாக இருவரும் காலையில் சண்டை போடுவார்கள், மத்தியானம் குழம்பு மாற்றிக்கொள்வார்கள்.

நான் கடைசியாக லீவில் ஊருக்கு வருவதற்கு முந்தின ஐப்பசியில் ஆறு தெருவுக்குள் வந்துவிட்டது. ஆண்டவர் கிருபையால் உயிருக்குச் சேதமில்லை. ஆனால் மண் சுவர்கள் எல்லாம் இடுப்பளவுக்குக் கரைந்து, வீடுகள் ஒற்றைக் காலில் நின்றன. தோணித் தெருவில் சுவரே இல்லை. சர்க்கார் ஊருக்கு வடக்கே பனைகள் நின்ற மேட்டுத் தரிசை ஒதுக்கி, ஊரோடு அங்கே குடிபோங்கள் என்றது. அக்கா மட்டும் போக மாட்டேன் என்கிறாள் என்று செய்தி வந்தது. நான் லீவுக்கு எழுதிப் போட்டேன். அந்தக் காகிதம் மேஜை மேஜையாகத் தூங்கி எழுந்து, பல கையெழுத்துகளை வாங்கிக்கொண்டு வருவதற்குள் மாசி பிறந்துவிட்டது. பினாங்கில் கப்பல் ஏறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, ரயில் பிடித்து மருதடிக்கு வந்தபோது என் மனதில் ஒரே எண்ணம்தான்: அக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டு திரும்புவது.

"அக்கா, எங்கூட கப்பல்ல வந்திரு. ஞானமும் சொல்லி அனுப்பியிருக்கா" என்றேன். ஞானம் என் மனைவி.

"வந்து?"

"வந்து சும்மா இரு. ஞானம் இருக்கா, ரூத் இருக்கா. உனக்கு என்ன கொற?"

"அங்கன வந்தா நான் ஒரு மூட்டைலே. எறக்கி வச்ச எடத்துல இருக்கணும். இங்கன நானாத்தான் கெணத்துக்குப் போறேன், நானாத்தான் கோயிலுக்குப் போறேன். எவ கையும் புடிக்கல."

"அப்பம் மேட்டுக்குப் போ. ஊரே போவப் போவுதே."

"மேட்டுல எனக்கு என்ன தெரியும்? எந்தப் பக்கம் செல்லத்தாயி, எந்தப் பக்கம் கெணறு? சீட்டுக் குலுக்கி எவன் பக்கத்துலயாவது கொண்டு இருத்துவான். அதுக்கு நான் இந்தச் செவரையே புடிச்சிக்கிட்டு இருக்கேன்."

"அடுத்த ஐப்பசிக்கு என்ன செய்வ?"

"ஆண்டவர் இருக்கார்."

"போன ஐப்பசிக்கும் இருந்தாருல்லா?" என்றேன். கையில் இருந்த அகப்பையால் என் முழங்காலில் ஒன்று வைத்தாள். குறி தப்பவில்லை.

என் லீவு முடிந்தால் கப்பல் எனக்காக நிற்காது. அவள் என்னோடும் வராமல், மேட்டுக்கும் போகாமல் இருந்தால், கரைந்த சுவருக்குள் தனியாக ஆற்றங்கரையில் கிடப்பாள். அதை நினைத்தாலே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

3

ஊர்க்காரர்களும் மேட்டுக்குப் போகவில்லை என்பது வந்த பிறகுதான் தெரிந்தது. அரசாங்கத்து ஓவர்சீயர் ஒருவர் வந்திருந்தார். வெளியூர்க்காரர், இளம் வயது, நல்ல மனிதர். அழகான வரைபடம் போட்டிருந்தார். நேரான மூன்று தெரு, ஒரே அளவு மனைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். சீட்டுக் குலுக்கி எல்லாருக்கும் மனை கொடுத்தாயிற்று. எல்லாரும் கும்பிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கரைந்த சுவருக்கு மண் அப்ப ஆரம்பித்துவிட்டார்கள்.

மருதடி யூனியனுக்கு அப்போது தலைவர் வேலாயுதம் அண்ணாச்சி. கருப்பட்டி மொத்த வியாபாரம். நான் வந்திருப்பது தெரிந்து வீட்டுக்கே வந்துவிட்டார்.

"வே தம்பி, நீரு அங்கன ஊரு கெட்டுத ஆபீஸ்லதான வேல பாக்கீரு?"

"இல்ல அண்ணாச்சி. சாக்கடையில குப்பை போடுதவனுக்கு அபராதம் எழுதுத வேல."

"அதுவும் ஊரு கெட்டுததுதான்வே. கெளம்பும்."

இப்படியாக நான் ஊர் கட்டும் நிபுணன் ஆனேன். ஓவர்சீயர் முகாம் போட்டிருந்த சாவடிக்கு இருவரும் போனோம். அவர் நொந்துபோயிருந்தார்.

"இந்த ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களுக்கே தெரியவில்லை" என்றார்.

"கேட்டீகளா ஐயா?" என்றார் அண்ணாச்சி.

"படத்தை விரித்துக் காட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள்."

"எங்க ஆளு ஒரு மாடு வாங்கணும்னாக்கூட நாலு தரம் சுத்தி வந்து, பல்லப் புடிச்சுப் பாத்து, வாலத் தூக்கிப் பாத்துத்தான் வாங்குவான். நீங்க காயிதத்துல காட்டினா குடிபோயிருவானா? ஆனா பெரியவுக காட்டுதப்ப மாட்டேம்னு சொல்லுதது மரியாத இல்ல பாருங்க. அதான் தலைய ஆட்டுதான்."

ஓவர்சீயர் என்னைப் பார்த்தார். நான் வேலை பார்க்கும் ஊரிலும் இப்படித்தான் தலையாட்டுகிறார்கள் என்று இங்கிலீஷில் சொன்னேன். அவருக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

கடைசியில் அண்ணாச்சி ஒரு வழி சொன்னார். வெள்ளாமை அறுத்து முடிந்த சமயம், எல்லாரும் ஊரில்தான் இருக்கிறார்கள். தமுக்குப் போடுவோம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை விட்ட பிறகு ஒருவர் மிச்சமில்லாமல் மேட்டுக்கு வர வேண்டும். யாருக்கு எங்கே வீடு வேண்டுமோ அங்கே போய் நிற்க வேண்டும். நிற்கிற இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுப் பார்ப்போம். பிடித்திருந்தால் அதுவே ஊர். ஓவர்சீயர் முதலில் சிரித்தார். பிறகு, ஒரு நாள்தானே போகட்டும் என்று சம்மதித்தார். அவருக்கும் வேறு போக்கு இல்லை.

"பொம்பளையளும் வரணுமா?" என்று யாரோ கேட்டதற்கு அண்ணாச்சி, "வீட்டுக்குள்ள இருக்கப் போறது நீயாலே?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

4

இதை இங்கே வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது ரூத் கேட்டாள்: "ஏன் அப்பா, அவங்க நம்பர் பார்த்துப் போகலை?"

ரூத் இந்த நாட்டிலேயே பிறந்தவள். இங்கே வீட்டுக்கு எண் உண்டு, அந்த எண்ணைச் சொன்னால் தபால்காரர் வந்துவிடுவார், அதோடு காரியம் முடிந்தது. பக்கத்து வீட்டில் ஒரு சீனக் குடும்பம், மறுபக்கம் யாழ்ப்பாணத்துக்காரர். மூன்று வீட்டுப் பிள்ளைகளும் மலாய் பாஷையில் கூடி விளையாடுகிறார்கள். ரூத் தூக்கத்தில் பிதற்றுவதும் அதில்தான். ஞானம் தமிழில் ஜெபம் சொல்லிக் கொடுத்தால் பதவிசாகச் சொல்லிவிட்டு, ஆமென் ஆனதும் குதித்து ஓடி மலாய்க்குப் போய்விடுகிறாள். ஊர் என்றால் அவளுக்கு அத்தை இருக்கிற இடம், அவ்வளவுதான்.

முன்பெல்லாம் இது எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது அத்தனை இல்லை. நான் மட்டும் என்ன? லீவில் போயிருந்தபோது சந்தைக்குப் போக வேண்டும் என்பதற்குப் பதிலாக 'பாசாருக்குப் போகணும்' என்று சொல்லி, அக்காவையும் செல்லத்தாயியையும் திகைக்க வைத்தேன். ரூத்திடம் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் ஏது? ஆனாலும் அவள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லத் தடுமாறினேன். எண்ணைப் பார்த்துப் போனால் வீடு கிடைக்கும். பக்கத்தில் யார் என்று எண் சொல்லாது. இதை எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "அவங்களுக்கு எண்ணத் தெரியாதும்மா" என்று பொய் சொல்லித் தப்பித்தேன். ஞானம் உள்ளேயிருந்து சிரித்தாள்.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை மருதடி முழுவதும் மேட்டில் இருந்தது. கஞ்சிக் கலயம், பனையோலைக் குடை, இடுப்புப் பிள்ளை, கோழிகூட வந்திருந்தது. அக்கா வரவில்லை.

ஊர்க்காரர்கள் வந்தார்களே தவிர, யாரும் எங்கேயும் நிற்கவில்லை. பனை நிழலில் ஒரே கும்பலாக ஒதுங்கிக்கொண்டார்கள். முதலில் போய் இடம் பிடித்தால் ஆசைக்காரன் என்று ஊர் சொல்லும். அந்தப் பேரை வாங்க எவனுக்கும் மனமில்லை. ஓவர்சீயர் கெஞ்சிப் பார்த்தார். "எங்கே வேண்டுமானாலும் நில்லுங்கள்" என்றார். எங்கே வேண்டுமானாலும் என்று சொன்னால் எங்கேதான் நிற்பது?

கடைசியில் செல்லத்தாயிதான் கும்பலைப் பிரித்தாள். "அன்னக்கா எங்கன நிப்பாவளோ அதுக்கு எடப்பக்கம் நான். இந்தா நிக்கேன். எனக்கு எடப்பக்கம் யாரு? ஏ பொன்னையாண்ணே, இருமிக்கிட்டே இருக்காம இங்கன வாரும்!"

பொன்னையா அண்ணன் தையற்காரர். இருமிக்கொண்டே போய் அவளுக்கு அடுத்து நின்றார். அவருக்கு அடுத்தவர் அவருக்கு அடுத்து நின்றார். எங்கே நிற்பது என்ற கேள்விதான் அவர்களுக்கு விளங்காமல் இருந்தது. யாருக்குப் பக்கத்தில் என்று ஆனதும் கண்மூடித் திறப்பதற்குள் தெரு நீண்டது. எதிர்ச்சாரியும் நிறைந்தது. செல்லத்தாயிக்கு வலப்பக்கம் மட்டும் ஒரு வீட்டளவு இடம் காலியாகக் கிடந்தது. யாராவது அதில் கால் வைத்தால் அவள் கத்தினாள்.

ஓவர்சீயருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆட்களைவிட்டுச் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னார். கோடு பாதி தூரம் போனதும் அவர் முகம் மாறியது.

"இங்கே ஏன் தெரு வளைகிறது?"

"கெணறுல்லா இருக்கு ஐயா" என்றார் ஒரு பெரியவர், இது ஒரு கேள்வியா என்கிற மாதிரி.

"எங்கே?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நடுவில் வட்டமாக ஒரு வெற்றிடம். அதில் இரண்டு எருக்கஞ்செடி நின்றது. இல்லாத கிணற்றுக்கு மரியாதையாக வழிவிட்டு, ஊரே இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தது. முதலில் ஒரு பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடியது. ஓவர்சீயர்கூடத் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

சரி, நேராக நில்லுங்கள் என்றார். நேராக நின்றார்கள். அவர் மறு கோடிக்குப் போய்த் திரும்பிப் பார்ப்பதற்குள் பழையபடி வளைந்துவிட்டார்கள். இரண்டு மூன்று தரம் இப்படி ஆனது. ஏன் என்று நான் கேட்டதற்குப் பொன்னையா அண்ணன் சொன்னார்: "நேரா நின்னா எதுத்தாப்ல உள்ளவன் மூஞ்சி மட்டுந்தான் தெரியுது தம்பி. வளைவுல நின்னா நாலு வீடு தெரியும். ஒரு ஆவத்து சோவத்துன்னா எட்டிப் பாக்கணும்லா?"

அண்ணாச்சி ஓவர்சீயரின் தோளில் கை வைத்து, "வளைவு இருந்துட்டுப் போட்டும் ஐயா. கெணத்த நாங்க தோண்டிக்கிடுதோம்" என்றார். ஓவர்சீயர் தம் அழகான படத்தை ஒரு தரம் பார்த்தார், சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தோம். அப்போதுதான் தோணிக்காரர் மாடசாமி முன்னால் வந்தார். அவர் சத்தம் போடவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். பழைய வரிசையிலேயே நிக்கோம். பெரிய தெருக்காரவுக மேல, நாங்க கடைசியில. இந்த நெலமும் ஆத்தப் பாத்துத்தான் சரியுது. மேட்டுக்கு வந்தும் எங்களுக்குப் பள்ளந்தானா?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் சொன்னது சரி என்று எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. பெரிய தெருவின் தலைமாட்டுக்காரர்கள் சிலர் பனை உச்சியை ஆராய்ந்தார்கள். அண்ணாச்சியின் இடம் எல்லாருக்கும் மேலே, நல்ல காற்று வரும் இடம். அவர் அதைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்தார்.

"பாயத் திருப்பிப் போடுவோம்வே. தலமாடு காலுமாடு, காலுமாடு தலமாடு. பக்கத்து ஆளு யாருக்கும் மாறாதுல்லா?"

சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு அவரே முதலில் சரிவின் அடிக்கு நடந்தார். அவருடைய மைத்துனர் பின்னாலேயே போய், "அத்தான், கடை என்னாவது? மழைக்குக் கருப்பட்டி எளகிருமே" என்று கெஞ்சியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "ஒசரமாத் திண்டு கெட்டுலே" என்றார் அண்ணாச்சி. மத்தியானம் வரைக்கும் வாக்குவாதம் நடந்தது. சில வீட்டார் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள், மறுநாள் வந்து நின்றார்கள். ஆனால் ஊர் திரும்பியது. தோணித் தெரு மேலே போனது.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். தோணித் தெருவுக்கும் பெரிய தெருவுக்கும் நடுவே பழைய ஊரில் ஓர் இடைவெளி உண்டு. ஏன் உண்டு என்று உங்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக் கோட்டிலும் அந்த இடைவெளி அப்படியே வந்தது. அதை மூட வேண்டும் என்று மாடசாமியும் கேட்கவில்லை, கோயிலுக்குப் போகிற நாங்களும் சொல்லவில்லை. ஜனங்களைக் கேட்டு ஊர் கட்டுவது நல்லதுதான். ஆனால் தங்களுக்குப் பழகியதைத்தான் அவர்கள் கேட்பார்கள். பழகாத ஒன்றை எழுந்து கேட்க ஒரு மாடசாமி வேண்டியிருக்கிறது. அவரும் ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுவிட முடியாது.

6

இதை எழுத உட்கார்ந்து ஒரு வாரமாகிவிட்டது. நடுவில் மருதடிக் கதையைத் துரையிடம் சொன்னேன். அவர் புகைக்குழாயைக் கடித்துக்கொண்டு கேட்டார். "அது உங்கள் ஊர். இங்கே சாக்கடை நேராகத்தான் ஓட வேண்டும்" என்றார். பிறகு, முளைக்குச்சிகளை மறுபடி அடிக்கிற செலவை நினைத்தாரோ என்னவோ, "சனிக்கிழமை வேண்டுமானால் கேட்டுப் பார்" என்றார்.

கேட்டேன். இந்த முறை நோட்டீஸ் ஒட்டவில்லை, பால் கறக்கிற நேரத்தில் போய் வாயால் சொன்னேன். பால்காரர்கள் மாடுகளோடு வந்து நின்றார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு சீமையிலிருந்து வந்தவர்கள், பக்கத்தில் யார் என்பது பெரிய காரியமில்லை. புல்வெளிப் பக்கம் பின்வாசல் வேண்டும், மாடு முன்தெருவில் வந்தால் போர்டு அபராதம் போடுகிறது, இவ்வளவுதான் அவர்கள் குறை. பின்சந்து மாடு போகிற அகலத்துக்கு விரிந்தால் போதும். துரை படத்தில் ஒரு கோட்டை நகர்த்தினார். "இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று என்னிடம் கேட்டார். நோட்டீஸில் அதற்கு இடம் இல்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் கோபிக்கவும் இல்லை.

முனியன் என் வீட்டுக்கு ஒரு செம்பு பால் கொண்டுவந்து கொடுத்தார். இது லஞ்சத்தில் சேருமா என்று ஞானத்திடம் கேட்டேன். "காய்ச்சியாச்சு, குடியுங்க" என்றாள்.

7

அக்காவின் கதையை முடிக்க வேண்டும்.

சுண்ணாம்புக் கோட்டின் மேல் குச்சி அடிக்குமுன், எல்லாரும் இன்னொரு தரம் அவரவர் இடத்தில் நின்று சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். அன்று காலை நான் அக்காவிடம், "சும்மா ஒரு தடவ வந்து பாரு" என்றேன்.

"பாக்கவா?" என்றாள். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

செல்லத்தாயி சுவருக்கு மேலாகக் கத்தினாள்: "யக்கா, ஒங்க எடத்துக்கு நான் பொழுதடையக் காவலு நின்னாச்சு. காலு ரெண்டும் வீங்கிட்டு. இன்னைக்கு எவன் வந்து நின்னாலும் நான் வெரட்ட மாட்டேன், சொல்லிட்டேன்."

அக்கா அடுப்பை அணைத்தாள். பிறகு சேலையை உதறிக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

மேட்டுக்குப் போகிற வழி அவளுக்குப் புதிது. அதனால் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் விரல்கள் சில்லென்றிருந்தன. பயப்படுகிறாள் என்று தெரிந்தது, எனக்கும் பயமாக இருந்தது. அடுத்த வாரம் எனக்குக் கப்பல். புதுக் கோயிலுக்கென்று ஒதுக்கியிருந்த இடத்துக்கு வந்ததும், "இது கோயில் வாசல்" என்றேன். உடனே என் கையை விட்டுவிட்டாள். கோயிலிலிருந்து வீட்டுக்கு அவளை யாரும் கூட்டிப் போனது கிடையாது.

அசையாமல் நின்று கேட்டாள். எதிரே வெட்டவெளி. சுவர் இல்லை, கூரை இல்லை, தரையில் வெள்ளைக் கோடுகள் மட்டும். அவற்றுக்குள் ஊர் முழுவதும் வழக்கம்போல் வீட்டில் இருந்தது. யாரோ பிள்ளையை அதட்டினார்கள். யாரோ எதிர்வீட்டாரிடம் புளி விலை கேட்டார்கள். ஓரிடத்தில் இருவர் வாய்க்கால் தண்ணீருக்காக அப்போதே சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா நடக்க ஆரம்பித்தாள். நான் பைய பின்னால் போனேன். ஒவ்வொரு வீட்டாராக அவளைப் பார்த்தார்கள், ஆனால் யாரும் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தக் கூடாது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. வளைவு வந்தபோது கை தானாக நீண்டது, கைப்பிடிச் சுவரைத் தேடியது. கிடைக்கவில்லை. கால் தயங்கியது. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் எதிர்ச்சாரியில் யாரோ பேசினார்கள், அவள் அந்தப் பக்கம் காதைச் சாய்த்தாள், பிறகு மெல்லத் திரும்பினாள். தெரு எப்படித் திரும்பியதோ அப்படியே திரும்பினாள். பொன்னையா அண்ணன் இருமினார். அடுத்தாற்போல் செல்லத்தாயி, "சவத்துக் கோழி, சுண்ணாம்பக் கெளறுதியே!" என்று கோழியை விரட்டிக்கொண்டிருந்தாள்.

இன்னும் கொஞ்ச தூரம் நடந்து அக்கா நின்றாள். வலப்பக்கம் திரும்பினாள். நம் பழைய வீட்டு நிலைப்படி உயரமானது, அங்கே எல்லாரும் காலைத் தூக்கித்தான் வைப்பார்கள். அக்கா காலைத் தூக்கிக் கோட்டைத் தாண்டி உள்ளே வைத்தாள். நாலடி நடந்து, அடுப்படி இருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்து, தரையைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"ஏட்டி செல்லத்தாயி" என்று பக்கவாட்டில் கூப்பிட்டாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. இருக்கியான்னு பாத்தேன்."

நான் தெருவில் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னோடு கப்பலுக்கு வரமாட்டாள் என்று அப்போது தெரிந்தது. வர வேண்டியதில்லை என்றும் தெரிந்தது. இத்தனை சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை. என் மூச்சுச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"ஏலே, எங்கன நிக்க?"

"இங்கனதான்க்கா."

"தெருவுலயா? ஊரு என்னலே நெனைக்கும்? உள்ள வா."

செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, தலை இடிக்காமல் குனிந்து உள்ளே போனேன்.